சின்சே "உடம்பில் ஈரம்" என்று சொன்னால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்களில் நிறையப் பேர் ஒரு தடவையாவது சீன மருந்துக்கடைப் படி ஏறியிருப்போம். முட்டிவலி, வயிற்று உப்புசம், தூங்கி எழுந்தும் தீராத அசதி, ஏதோ ஒன்று. சின்சே, அதாவது அங்கே உட்கார்ந்திருக்கும் சீன வைத்தியர், மணிக்கட்டை ஒரு குட்டித் தலையணை மேல் வைக்கச் சொல்லி நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், அப்புறம் ஒரே ஒரு வார்த்தை: "ஷீச்சி". உடம்பில் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். நமக்கோ ஈரம் நல்ல சொல், நெஞ்சில் ஈரம் இல்லாதவனைத்தான் திட்டுவோம். அதனால் வெளியே வந்ததும் குழப்பம்.

நான் வைத்தியன் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்த வைத்தியத்துக்குப் போய் வருகிறவன், கொஞ்சம் படித்துப் பார்த்தவன், அவ்வளவுதான். சொந்தக்காரர்களும் அலுவலகத்து ஆட்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஈரம் என்றால் உடம்பில் தண்ணீர் கூடிப்போச்சு என்றா?

அப்படி நேராக எடுத்துக்கொள்ளக் கூடாது. சீன வைத்தியம் வெளியே இருக்கும் பருவநிலையின் பெயர்களையே உடம்புக்குள் நடப்பதற்கும் வைத்துவிட்டது. காற்று, குளிர், கோடை வெக்கை, ஈரம், வறட்சி, நெருப்பு என்று ஆறு. இவை அளவு மீறினால் நோய். இதில் ஈரத்துக்கு அவர்கள் சொல்லும் குணம்: கனமானது, கலங்கலானது, பிசுபிசுப்பானது, கீழ்நோக்கி இறங்குவது.

எனக்கு இது புரிந்தது ஒரு தமிழ்ச் சொல்லில்தான்: நமத்துப்போவது. டப்பா மூடி சரியாக மூடாமல் விட்ட அப்பளத்தில் தண்ணீர் சொட்டவா செய்கிறது? இல்லை. ஆனால் மொறுமொறுப்பு போய்த் தொய்ந்துவிடுகிறது. உடம்பும் அப்படித் தொய்ந்து கிடப்பதைத்தான் சின்சே ஈரம் என்கிறார். சீனர்களே இதை மாவில் எண்ணெய் இறங்கிய மாதிரி என்பார்கள். குளிர் ஏறினால் சூடு காட்டி விரட்டலாம், மாவில் இறங்கிய எண்ணெயைப் பிரிப்பது அவ்வளவு லேசில்லை.

இது எங்கிருந்து வருகிறது? நான் மழையில்கூட நனைவதில்லையே?

வெளியிலிருந்தும் வரும், உள்ளேயே பிறக்கவும் செய்யும்.

வெளி ஈரத்துக்குத் தென்சீனாவைப் பார்க்க வேண்டும். குவாங்டோங் பக்கம் குளிர்காலம் முடிகிற சமயத்தில் கடலிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று திடீரென்று உள்ளே வரும். சுவரும் தரையும் இன்னும் குளிராகவே இருப்பதால் அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், கண்ணாடி வியர்க்கும், துணி நாள்கணக்கில் காயாது. இதற்கு அங்கே ஹுய் நான் தியென் என்றே ஒரு பெயர் உண்டு. யாங்சே ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஜூன், ஜூலையில் பிளம் பழம் பழுக்கிற காலத்து மழை. இப்படிப்பட்ட ஊர்களில் வாழ்கிறவர்கள் ஈரத்தைப் பற்றி இவ்வளவு யோசித்ததில் ஆச்சரியம் இல்லை. சிங்கப்பூரிலும் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல்தான்.

உள் ஈரம் வேறு கதை. அது பிறக்கும் இடம் மண்ணீரல் என்கிறார்கள். ஹுவாங் டி நெய் ஜிங் என்ற ஈராயிரம் வருஷப் பழைய நூல், ஈரத்தால் வரும் வீக்கமும் உப்புசமும் எல்லாம் மண்ணீரலைச் சேர்ந்தவை என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. இவர்கள் சொல்லும் மண்ணீரல், இடது விலா எலும்புக்கடியில் இருக்கும் அந்த உறுப்பு மட்டும் இல்லை. சாப்பிட்டதைச் செரித்து, சத்தையும் நீரையும் பிரித்து, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பும் மொத்த வேலைக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. என் சொந்தக்காரர் ஒருவர் "மண்ணீரல் பலவீனம்" என்று கேட்டுவிட்டு மறுநாளே ஸ்கேன் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

அடுப்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தீ நன்றாக எரிந்தால் பானையில் இருப்பது கொதித்து வற்றும். தீ மங்கினால் வேகாத கஞ்சியாகத் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கம்தான் உள் ஈரம்.

எனக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் பாருங்கள். எட்டு மணி நேரம் தூங்கியும் தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக் கட்டிய மாதிரி இருக்கிறதா? (இந்த உவமை என்னுடையது இல்லை, நெய் ஜிங்கிலேயே இருக்கிறது.) கைகால் கனக்கிறதா, படியேறும்போது யாரோ காலைப் பிடித்து இழுப்பது போல? சாப்பிட்டதும் வயிறு உப்பி, கண் சொருகுகிறதா? வாய் பிசுபிசுவென்று, தாகம் இருந்தும் தண்ணீர் குடிக்கத் தோன்றாமல்?

அடுத்தது கழிவறை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சின்சே முதலில் கேட்பதே இதைத்தான்: மலம் கட்டியாகவும் இல்லாமல் தண்ணீராகவும் இல்லாமல் பசை மாதிரி பீங்கானில் ஒட்டிக்கொண்டு, ஒரு தடவை தண்ணீர் விட்டால் போகாமல் இருக்கிறதா, போய் வந்த பிறகும் முழுசாகப் போன திருப்தி இல்லாமல் இருக்கிறதா என்று. பெண்களுக்கு வெள்ளைப்படுதல் கூடுவது, முகத்தில் எண்ணெய் வழிவது, மழை வருமுன்னே முட்டி கனப்பது, இதெல்லாமும் கணக்கில் வரும்.

கடைசியில் நாக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று இயல்பாக நீட்டுங்கள், அழுத்தி நீட்டினால் நிறம் மாறிவிடும். நடுவிலும் பின்பக்கத்திலும் தோசை மாவைத் தடவிய மாதிரி கெட்டியாக, வழவழப்பாகப் படிந்திருந்தால் ஈரம். நாக்கு பருத்து, ஓரங்களில் பல் பதிந்த தடம் வரிசையாக இருந்தால் மண்ணீரலும் சோர்ந்திருக்கிறது என்பார்கள். மெல்லிய வெள்ளைப் படிவு எல்லோருக்கும் இருப்பதுதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்டாதீர்கள். சீன இணையத்தில் "பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஈரம்" என்று ஒரு வசனம் ஓடுகிறது. அது சரக்கு விற்கிறவனுக்கு வசதியான வசனம்.

நாக்கு வழித்துவிட்டுப் போகலாமா?

கூடாது! நம்மவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். காலையில் பல் தேய்த்த கையோடு நாக்கை வழித்துச் சிவக்கச் சிவக்க வைத்துக்கொண்டு சின்சே முன்னால் போய் உட்கார்ந்தால் அவர் எதைப் பார்ப்பார்? நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். சின்சே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கையால் சுரண்டுவது மாதிரி ஜாடை காட்டினார். தலையாட்டினேன். சிரித்துவிட்டு, அடுத்த தடவை வேண்டாம் என்றார். கோப்பி, வெற்றிலை, மஞ்சள் போட்ட குழம்பு எல்லாமே படிவின் நிறத்தை மாற்றும் என்பதால் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஈரத்திலும் சூடு, குளிர் என்று பிரிக்கிறார்களே?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடையில் எதையும் வாங்கிக் குடிக்காதீர்கள்.

நாக்குப் படிவு மஞ்சளாக, வாய் கசப்பாக, முகத்தில் சீழ்ப்பரு, சிறுநீர் அடர் மஞ்சள், மலத்தில் நாற்றமும் எரிச்சலும் என்றால் ஈரச்சூடு. படிவு வெள்ளையாக, கைகால் சில்லிட்டு, மலம் இளகி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வயிறு சுகமாக இருந்தால் ஈரக்குளிர்.

குவாங்டோங்கிலும் ஹாங்காங்கிலும், ஏன் இங்கே சைனாடவுனிலும், பித்தளைக் குடத்திலிருந்து கோப்பையில் ஊற்றிக் கொடுக்கும் மூலிகைத் தேநீர்கள் இருக்கின்றன. பழைய வழக்கம். வோங் லோ காட் என்ற பெயர் 1828-இல் தொடங்கியது, 2006-இல் சீன அரசு இந்தத் தேநீர் மரபையே தேசிய பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இவை பெரும்பாலும் குளிர்ச்சிச் சரக்கு. "இருபத்துநான்கு சுவை" என்று ஒன்று உண்டு, நிலவேம்புக் கஷாயத்துக்குத் தம்பி. ஈரச்சூடுக்காரருக்கு ஒரு கோப்பை இதமாக இருக்கும். ஈரக்குளிர்க்காரர் தினமும் குடித்தால் மங்கிக்கொண்டிருக்கும் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இதெல்லாம் வேறு நோயாகவும் இருக்கலாமே?

தாராளமாக இருக்கலாம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, இவை எல்லாமே காலையில் கனத்த தலையும் அசதியுமாகத்தான் தலை காட்டும். ஈரம் என்பதை எந்த ரத்தப் பரிசோதனையாலும் அளக்க முடியாது, அது ஒரு வர்ணனை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் மரபு மருத்துவத்துக்கென்று ஒரு அத்தியாயம் சேர்த்தது, அதில் ஈரமும் வருகிறது. ஆனால் அது பதிவு செய்வதற்கான பெயர்ப்பட்டியல், சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கான சான்றிதழ் இல்லை.

கணுக்காலில் கட்டைவிரலால் பத்து வினாடி அமுக்கிப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் சின்சேயிடம் போகாதீர்கள், முதலில் மருத்துவமனை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பார்க்க வேண்டும். மூச்சு வாங்குவது, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றுக்கும் அதேதான்.

என்ன சாப்பிடக் கூடாது?

இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம், பால், சாராயம், பச்சையாகவும் சில்லென்றும் இருப்பது. நம் பட்டியலில் சொன்னால் ஐஸ் மைலோ என்ற சாக்லேட் பானம், ஒரு நாளைக்கு மூன்று தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா. சோகம் என்னவென்றால், உடம்பைக் குறைக்கிறேன் என்று காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தையும் தயிரையும் அடித்துக் குடிக்கிறவர்களைத்தான் சின்சே அதிகம் திட்டுகிறார். பழம் கெட்டது என்பதால் இல்லை, சில்லென்று வயிற்றுக்குள் போவதை அடுப்புதான் சூடாக்க வேண்டும் என்பதால்.

1249-இல் லி டோங்யுவான் என்ற வைத்தியர் மண்ணீரலையும் இரைப்பையையும் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். கண்டபடி சாப்பிடுவதும், அளவு மீறி உழைப்பதும், மனக்கவலையும் இந்த அடுப்பை அணைக்கும், அது அணைந்தால் மற்ற நோயெல்லாம் வரும் என்பது அவர் கட்சி. அன்றைக்குப் போர், பஞ்சம். இன்றைக்கு நமக்கு அலுவலக மேசையிலேயே மதியச் சாப்பாடு.

சாப்பிட வேண்டியது சுலபம்: சூடான கஞ்சி, வேக வைத்த காய், இஞ்சி, வெண்பூசணி, மீன், வயிற்றில் கொஞ்சம் இடம் விட்டு எழுந்திருப்பது. வெண்பூசணியைத் தோலோடு நறுக்கி சூப் வைப்பது குவாங்டோங் வீடுகளில் வெயில் கால வழக்கம், தோலில்தான் நீர் இறக்கும் குணம் இருக்கிறது என்று அதைத் தனியாகவே மருந்துக்கடையில் விற்கிறார்கள்.

பார்லியும் "சைனீஸ் பார்லி"யும் ஒன்றுதானே?

இல்லை, இரண்டும் வேறு வேறு தானியம். ஈரத்துக்கு எல்லோரும் சொல்லும் சைனீஸ் பார்லி, அதாவது யீ மீ, பாசிமணி கோக்கும் ஒருவகைப் புல்லின் விதை. உருண்டையாக, பெரிதாக, நடுவில் அகலமான பழுப்புப் பள்ளத்தோடு இருக்கும். கோப்பிக்கடையில் ஐஸ் போட்டுத் தரும் பார்லி சின்னது, அதன் கோடு மெல்லியது. கான்டோனீஸ்காரர்கள் அதை "வெளிநாட்டு யீ மீ" என்பார்கள், குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. பார்லியில் குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) உண்டு, யீ மீயில் இல்லை.

யீ மீ பச்சையாகக் குளிர்ச்சி. அதனால் வறுக்க வேண்டும். ஒரு கைப்பிடி, முப்பது கிராம் இருக்கும், கழுவித் துணியில் பரப்பி நன்றாக உலர்த்திவிட்டு, எண்ணெய் விடாமல் அடிகனமான வாணலியில் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். பத்து நிமிஷத்தில் சோளப்பொரி வாசம் வரும், வெள்ளை மணி இளம் மஞ்சளாகும், ஒன்றிரண்டு வெடிக்கும். அப்போது இறக்கிவிடுங்கள், கருகினால் கசக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டு, வெதுவெதுப்பாக நாள் முழுக்கக் குடிக்கலாம். சர்க்கரை போட்டால் செய்த வேலைக்கு அர்த்தமில்லை. கர்ப்பிணிகள் தொட வேண்டாம், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் ஒத்துவராது.

அதோடு சேர்க்கும் சிவப்புப் பயறு எது?

இதிலும் இரண்டு. இனிப்புப் பலகாரத்துக்குப் போடும் ஹோங் தோவ் குண்டாக இருக்கும். மருந்துக்குக் கேட்க வேண்டியது ச்சீ ஷியாவ் தோவ், ஒல்லியாக, நீளமாக, கருஞ்சிவப்பாக இருக்கும், ஒரு ராத்திரி ஊறினாலும் மசியாது. நீரை இறக்குவதற்கு அதுதான் என்பார்கள்.

முக்கியமான எச்சரிக்கை: பாதி சிவப்பு, பாதி கறுப்பாக இருக்கும் விதையையும் சீனாவில் சில இடங்களில் சிவப்புப் பயறு என்றே கூப்பிட்டுக் குழப்பியிருக்கிறார்கள். அது வேறு ஒன்றும் இல்லை, நம் குன்றிமணி. உயிரைக் குடிக்கும் விஷம். நம் பாட்டிகள் பல்லாங்குழியில் போட்டு விளையாடக் கொடுத்துவிட்டு, வாயில் வைக்காதே என்று மிரட்டியது சும்மா இல்லை.

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் மருந்து வாங்கலாமா?

ஈரத்துக்குக் கடையில் தருகிறவற்றில் ஃபூ லிங் என்பது பைன் மர வேரில் வளரும் ஒரு பூஞ்சை, ருசி ஒன்றும் இருக்காது, சாதுவானது. சென் பீ, காயவைத்துப் பழகவைத்த கமலாத் தோல். குவாங்டோங்கில் ஷின்ஹுய் ஊர்த் தோலுக்குத்தான் மவுசு, மூன்று வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். வெந்நீரில் ஒரு துண்டு போட்டுக் குடித்தால் உப்புசத்துக்கு நிஜமாகவே இதம், எனக்குப் பிடித்தது இதுதான்.

ஹுவோ ஷியாங் ஜெங் ச்சி என்ற மருந்து சோங் வம்சக் காலத்திலிருந்து வருகிறது. மழைக்காலத்துக் குமட்டல், வயிற்றுப்போக்குக்கு வாங்குவார்கள். அதன் திரவ வடிவம் ஒன்றில் பாதிக்குப் பாதி சாராயம் என்கிற அளவுக்கு ஆல்கஹால் இருக்கிறது. செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது இதைக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ஆபத்தாகிவிடலாம். மாத்திரை வடிவம் கேளுங்கள், குழந்தைக்கு அந்தத் திரவம் வேண்டவே வேண்டாம்.

மூலிகைதானே, பக்கவிளைவு என்ன வரப்போகிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க வைக்கும் மருந்தில் சீன மூலிகை சேர்த்தார்கள். போட நினைத்தது ஹான் ஃபாங் ஜி, ஈரமும் நீரும் இறக்குவது. பெயர் ஒற்றுமையால் உள்ளே போனது குவாங் ஃபாங் ஜி, அரிஸ்டோலோக்கியா குடும்பத்துச் செடி, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ளது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது, பலருக்கு முழுசாகவே செயலிழந்தது, சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. ஈரச்சூட்டுக்குப் போடும் குவான் மு தோங் என்ற இன்னொரு சரக்கிலும் அதே அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்ததால், சீனாவே 2003-இல் அதை விலக்கியது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்து என்கிற ஈசுரமூலியும் இதே குடும்பம்தான். ஊரிலிருந்து யாராவது பொடி கொண்டுவந்தால் பெயர் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நன்றாக வியர்த்தால் ஈரம் போய்விடாதா? சாவுனா, கப்பிங், பாதத்தில் ஒட்டும் பட்டை?

வியர்வை நல்லதுதான், வழிய வழிய வேண்டாம். ஜாங் ஜோங்ஜிங் என்ற பழைய வைத்தியர் அழகாகச் சொல்லியிருக்கிறார்: கொட்டும் வியர்வையில் காற்று மட்டும் போகும், ஈரம் தங்கிவிடும், லேசாகத் துளிர்க்கும் வியர்வையில்தான் இரண்டும் போகும் என்று. நமத்த அப்பளத்தைப் பெருந்தீயில் காட்டினால் ஓரம் கருகும், நடு அப்படியே இருக்கும் இல்லையா, அது மாதிரி. முக்கால் மணி நேர நடை போதும்.

கப்பிங், அதாவது தோலில் குவளையைக் கவிழ்த்து உறிஞ்ச வைப்பது, செய்த இடம் கறுத்தால் அவ்வளவு ஈரம் வெளியே வந்தது என்பார்கள். உறிஞ்சியதில் தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்த தழும்பு அது. ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. ராத்திரி ஒட்டிக் காலையில் கறுக்கும் பாதப் பட்டை சுத்த ஏமாற்று. ஒரு பட்டையில் குழாய்த் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், அதுவும் கறுக்கும். நான் ஒரு பெட்டி காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

கையால் அழுத்திக்கொள்ள ஏதாவது இடம்?

ஸு ஸான் லி. முட்டிச்சில்லுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு குழி இருக்கும், அங்கிருந்து நாலு விரல் அகலம் கீழே, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி. சரியான இடம் என்றால் அழுத்தும்போது ஒரு மாதிரி கடுக்கும். காலுக்கு இரண்டு மூன்று நிமிஷம், டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

நம்ம ஊர்க் கபம்தானே இது?

ஜாடை இருக்கிறது, ஆள் வேறு. கபம் என்பது உடம்பைத் தாங்கும் மூன்றில் ஒன்று, அளவாக இருக்க வேண்டியது. சீனர்களின் ஈரம் இருக்கவே கூடாத குப்பை. அதனால் இதற்கு அங்கே மருந்து, அதற்கு இங்கே மருந்து என்று கலக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் யாரிடம் போவது? மொழி தெரியாதே?

இங்கே 2000-இல் சட்டம் வந்து, சீன வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். சான்றிதழ் மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். தோங் சாய் வைத்தியசாலை 1867-இல் தொடங்கியது, இனம் பார்க்காமல் இலவசமாகப் பார்ப்பதுதான் அதன் பழைய வழக்கம். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள், மொழி இல்லாவிட்டாலும் அட்டை பேசும்.

எத்தனை நாளில் தெரியும்?

சின்சே என்னிடம் சொன்னது, மழைக்காலத் துணி மாதிரி, அவசரப்படுத்தினால் நாறும் என்று. எனக்கு ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றி, ஐஸை விட்ட மூன்றாவது வாரத்தில் மலம் ஒட்டுவது நின்றது. நாக்குப் படிவு மெலிய இரண்டு மாதம் ஆனது. யீ மீ தண்ணீர் அதில் எவ்வளவு வேலை செய்தது, ஐஸ் மைலோவை விட்டது எவ்வளவு வேலை செய்தது என்று கேட்டால், நான் மைலோ பக்கம்தான் சாய்வேன்.